செயலாளரின் ஆண்டறிக்கை – 2025: வெளியே தஞ்சம் கேட்டவர்களும் ஊர் திரும்பியவர்களும்

தலைவர் அவர்களே, போஷகர்களே, செயற்குழு உறுப்பினர்களே, அங்கத்தவர்களே,

இலங்கை மலையகத் தோட்டங்களைச் சேர்ந்த நம்மவர்களின் இந்தச் சங்கத்தின் 2025ஆம் ஆண்டுக்கான அறிக்கையைப் பொதுச்சபையின் முன் வைக்கிறேன். கணக்குகளைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மரண உதவி நிதி, பாடசாலை உபகரணம், சிரமதானம் ஆகியவை வழமைபோல நடந்தன. விவரம் கூட்டக் குறிப்பேட்டில் இருக்கிறது, விரும்பியவர்கள் பார்க்கலாம். மிச்ச அறிக்கை முழுவதும் ஆவண உதவிக் குழுவின் வேலை பற்றியது. சங்கத்தைத் தேடி வருகிறவர்களில் இப்போது பெரும்பாலானோர் இரண்டு காரியத்துக்காக வருகிறார்கள். ஒன்று, பிள்ளை வெளிநாட்டில் தஞ்சம் கோரியிருக்கிறது, கடிதம் வேண்டும். மற்றது, தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்து சொந்தக்காரர் திரும்பியிருக்கிறார்கள், எந்தக் கந்தோரில் தொடங்குவதென்று தெரியவில்லை. உதவி பெற்றவர்களின் பெயரோ தோட்டத்தின் பெயரோ இந்த அறிக்கையில் வராது. காரணம் கீழே வரும்.

யார் அகதி

கடிதம் கேட்டு வருகிற பெற்றோரிடம் குழு முதலில் விளக்குவது இதைத்தான். 1951 ஜூலை 28இல் ஜெனீவாவில் ஏற்கப்பட்ட அகதிகள் சமவாயமும், அதன் காலவரம்பையும் இடவரம்பையும் நீக்கிய 1967ஆம் ஆண்டு நெறிமுறையும் அகதி யார் என்று வரையறுத்திருக்கின்றன. ஆள் தன் நாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். திரும்பினால் துன்புறுத்தப்படுவேன் என்ற அச்சத்துக்குத் தக்க ஆதாரம் இருக்க வேண்டும். அந்தத் துன்புறுத்தல் இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழு ஒன்றைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து என்ற ஐந்தில் ஒன்றின் பேரில் வர வேண்டும். சொந்த நாட்டின் பாதுகாப்பைப் பெற முடியாமலோ, அச்சத்தால் பெற விரும்பாமலோ இருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்தால்தான் கேஸ் நிற்கும்.

நாட்சம்பளம் போதவில்லை, லயத்துக் (தோட்டத்து வரிசை வீட்டுக்) கூரை ஒழுகுகிறது, வட்டிக்காரன் வாசலில் நிற்கிறான் என்பவை உண்மையான கஷ்டங்கள். ஆனால் அந்த ஐந்தில் அவை இல்லை. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்தபோது வீடிழந்தவர்கள் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்கள். அவர்கள் கடல் தாண்டியிருந்தாலும் அந்த ஒரு காரணத்தால் அகதி ஆகியிருக்க மாட்டார்கள். அடிப்பது தனியாள் என்றால் இரண்டு கேள்விகள் கூடுதலாக வரும்: பொலிஸ் ஏன் காப்பாற்றவில்லை, காப்பாற்றாமல் விட்டதற்கு ஐந்தில் ஒன்று காரணமா. முறைப்பாடே கொடுக்காதவர் இதற்குப் பதில் சொல்லத் திணறுவார். அதோடு, கொழும்பிலோ வவுனியாவிலோ போய் இருக்கலாமே என்றும் கேட்பார்கள். மலையகத்தில் இருந்து போன கோரிக்கைகள் இந்த இடத்தில் அடிக்கடி சறுக்குகின்றன; நம் இளைஞர்கள் கொழும்புக் கடைகளில் வேலை செய்தது அவர்கள் வாயாலேயே பதிவாகியிருக்கும்.

ஐந்து காரணத்துக்குள் வராதவருக்கும் ஒரு காப்பு உண்டு. சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தின் 3ஆம் உறுப்புரைப்படி, சித்திரவதை நடக்கும் என்று நம்ப வலுவான காரணம் இருந்தால் யாரையும் அந்த நாட்டுக்கு அனுப்பக்கூடாது. அகதிகள் சமவாயத்தின் 33ஆம் உறுப்புரையும் திருப்பி அனுப்பாமையைத்தான் சொல்கிறது, ஆனால் நாட்டின் பாதுகாப்பு, பாரதூரமான குற்றம் என்ற விதிவிலக்குகள் அதில் உண்டு. சித்திரவதைச் சமவாயத்தில் விதிவிலக்கு கிடையாது.

ஐநா அகதிகளுக்கான உயர்ஸ்தானிகர் அலுவலகத்தின் கணக்குப்படி 2024 முடிவில் உலகில் அகதிகள் 4 கோடி 27 இலட்சம் பேர். அவர்களில் 67 வீதமானோர் அயல்நாடுகளில் இருக்கிறார்கள். 73 வீதமானோரைத் தாங்குவது குறைந்த, நடுத்தர வருமான நாடுகள். தஞ்சக் கோரிக்கைக்கு முடிவு வராமல் காத்திருந்தவர்கள் 84 இலட்சம் பேர். நம் பிள்ளையின் கோப்பு அந்த 84 இலட்சத்தில் ஒன்று. அதை எடுக்கிற அதிகாரிக்குப் பிள்ளையின் குணம் தெரியாது, தோட்டம் தெரியாது. கோப்பில் இருக்கிற தாளும் நேர்காணலில் சொன்ன சொல்லும்தான் தெரியும்.

கடிதம்

செயற்குழு இந்த ஆண்டு எடுத்த தீர்மானத்தில் அதிகம் முணுமுணுப்பைக் கிளப்பியது இதுதான்: தான் அறியாத ஒன்றைச் சங்கம் தன் கடிதத்தாளில் எழுதாது. 'பார்த்து ஒரு கடிதம் போட்டுக் குடுங்களேன், பிள்ளையின் வாழ்க்கை' என்று கேட்கிறவரைத் திருப்பி அனுப்புவது இலகுவல்ல. ஆகவே காரணத்தை விரிவாகப் பதிவு செய்கிறேன்.

ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்ட்மார் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற மாதிரிக் கடிதம் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். மேற்படி நபரை நமக்கு நன்கு தெரியும், அவர் திரும்பினால் உயிராபத்து, ஆவன செய்யவும். எப்படித் தெரியும், யார் தேடினார்கள், எப்போது, அது கடிதம் எழுதியவருக்கு எப்படித் தெரிய வந்தது என்று எதுவும் இருக்காது. ஒரே மாவட்டத்தில் இருந்து ஒரே வசனத்தோடு பல கடிதங்கள் ஒரே கந்தோருக்குப் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஓர் ஆவணத்தை நம்பலாம் என்று காட்டுவது கோரிக்கையாளரின் பொறுப்பு, அதைத் தனியாகப் பார்க்காமல் மற்ற எல்லா ஆதாரத்தோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது பிரித்தானியத் தீர்ப்பாயம் 2002இல் வகுத்த நெறி. அங்கே 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, பொய்யான ஆவணம் காட்டியதைக் கோரிக்கையாளரின் நம்பகத்தன்மைக்கு எதிராக எடுக்கச் சொல்கிறது. உண்மையாகவே அடிபட்டு வந்த ஒருவரின் கோப்பில் நாம் வைக்கிற ஒரு பொய்த்தாள், அவர் சொன்ன உண்மையையும் சேர்த்து அடித்துவிடும்.

இனிச் சங்கக் கடிதம் இப்படி இருக்கும். எழுதுபவரின் முழுப்பெயர், பதவி, எந்த ஆண்டில் இருந்து அந்தப் பதவியில் இருக்கிறார் என்பது முதல் பத்தி. ஆளை எப்படி, எவ்வளவு காலமாகத் தெரியும் என்பது இரண்டாவது. சந்தாப் புத்தகத்தில் பெயர் இருந்தால் பக்க எண் உட்பட. மூன்றாவது, சம்பவம். இதில் நேரில் கண்டதையும் பிறர் சொன்னதையும் பிரித்தே எழுத வேண்டும். 'வீட்டுக்கு ஆட்கள் வந்து விசாரித்ததாகத் தாயார் இன்ன தேதியில் சங்கத்துக்கு அறிவித்தார். நாம் நேரில் காணவில்லை' என்று எழுதினால் கடிதம் பலவீனமாகிவிடும் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். மாறாக அந்த வசனம்தான் கடிதத்தைத் தாங்கும். திரும்பினால் என்ன நடக்கும் என்ற ஆரூடம் நம்முடைய வேலை அல்ல, அதற்கு நாட்டு நிலைமை அறிக்கைகள் இருக்கின்றன. கடைசியில் பதிவேட்டு இலக்கம், தேதி, ஒருவர் எடுத்துப் பேசக்கூடிய தொலைபேசி எண். அலுவலகப் பிரதி கட்டாயம். சட்டத்தரணி இரண்டு வருடம் கழித்துக் கூப்பிட்டு, இது நீங்கள் கொடுத்ததா என்று கேட்டால் 'பார்க்க வேண்டும்' என்று இழுக்கக்கூடாது.

மூலப்பிரதியைப் பதிவுத் தபாலிலோ கூரியரிலோ அனுப்பி, உறையையும் ரசீதையும் பத்திரமாக வைக்கும்படி பிள்ளைக்குச் சொல்லுங்கள். ஆவணம் எப்படிக் கைக்கு வந்தது என்பதும் கேள்விதான், முத்திரை விழுந்த உறை அதற்குப் பதில். மொழிபெயர்ப்பு சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளருடையதாக இருக்க வேண்டும்; அவர் பெயர், தேதி, முத்திரை இல்லாத மொழிபெயர்ப்பைப் பல நாடுகள் ஏற்பதில்லை. சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்துவிட்டால் எல்லாம் சரி என்று ஓர் எண்ணம் இருக்கிறது. அவர் உறுதிப்படுத்துவது கையொப்பத்தை. உள்ளே எழுதியிருப்பது உண்மை என்று அவர் சொல்வதில்லை. தாயின் சத்தியக்கடதாசியில் தாய் கண்டதும் கேட்டதும் மட்டும் இருக்கட்டும். மகன் தடுப்பில் இருந்தபோது உள்ளே நடந்ததைத் தாய் கண்ணால் கண்டதுபோல எழுதுவது, அதைத் தட்டச்சு செய்தவரின் கைவரிசை என்று யாருக்கும் புரியும்.

பெயர்களை ஏன் வெளியிடுவதில்லை என்பதும் இங்கே வருகிறது. ஒருவர் தஞ்சம் கோரியதை அந்த நாடு அவருடைய சொந்த நாட்டு அதிகாரிகளுக்குச் சொல்லக்கூடாது என்பது அடிப்படை நெறி. அதிகாரி காக்கிற இரகசியத்தை வீட்டார் பிரதேச செயலகத்து வரிசையில் நின்று உடைத்துவிடுகிறார்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதி எடுக்க, அது எந்த நாட்டுக்கு, எதற்கு என்று சொல்லத் தேவையில்லை. முகநூலில் படம் போடுவதைப் பற்றி நான் தனியாகச் சொல்லவும் வேண்டுமா?

'இந்தியத் தமிழர்' என்ற கட்டம்

நம்மவர்களின் பிறப்புச் சான்றிதழ் ஒன்றை எடுத்து வெளிநாட்டு அதிகாரியின் கண்ணால் பாருங்கள். பழையது என்றால் கையெழுத்தில், சிங்களத்தில் இருக்கும். பிறந்த இடத்தில் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரும் டிவிஷனும். பிள்ளையோ நேர்காணலில் தோட்டத்தை நாம் புழங்குகிற தமிழ்ப்பெயரால் சொல்லியிருப்பான், இரண்டும் ஒரே இடம் என்று அந்த அதிகாரிக்கு எப்படித் தெரியும்? தகப்பன் பெயர் ஓர் இடத்தில் இராமையா, இன்னோர் இடத்தில் ராமய்யா, கடவுச்சீட்டில் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. பெற்றோர் விவாகமானவர்களா என்ற கட்டத்தில் 'இல்லை' என்றிருக்கும்; கோயிலில் தாலி கட்டியவர்கள் பதிவு செய்திருக்க மாட்டார்கள். பெற்றோருக்குக் கல்யாணம் நடந்தது என்று பிள்ளை சொன்னால், சான்றிதழோ 'இல்லை' என்கிறது.

இவற்றை விடப் பெரிய தொல்லை பெற்றோரின் இனம் என்ற கட்டத்தில் இருக்கிற 'இந்தியத் தமிழர்'. 1911 குடிசன மதிப்பீட்டில் இருந்து அரசு வைத்திருக்கும் வகைப்பாடு இது. இந்தியாவில் இருந்து தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழிவந்தோர் என்ற பொருள் இங்கே எல்லாருக்கும் தெரியும். ஜெனீவாவிலோ லண்டனிலோ இருக்கிறவருக்கு அது இந்தியக் குடியுரிமை போலத் தோன்றும். ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குடியுரிமை இருந்தால், ஒவ்வொரு நாட்டிலும் பாதுகாப்பு இல்லை என்று காட்ட வேண்டும் என்பது சமவாயத்தின் முதலாம் உறுப்புரையிலேயே இருக்கிறது. இந்தியாவுக்குப் போகலாமே என்று ஒருவரியில் கோப்பை மூட இது போதும். பேச்சும் சேர்ந்து கொள்கிறது. கோரிக்கையாளரின் பேச்சை வைத்து ஊரை மதிப்பிடும் முறை சில நாடுகளில் உண்டு, சுவிட்சர்லாந்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. யாழ்ப்பாணப் பேச்சுக்குப் பழகிய காதுக்கு நம்முடைய பேச்சு தமிழ்நாட்டுப் பேச்சாகவே கேட்கும்.

இதற்கு மருந்து முன்கூட்டியே தாள் சேர்ப்பது. குடும்பத்தின் பிரஜாவுரிமை எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானவர்களில் சிலர் 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்துப் பெற்றார்கள். 1964 அக்டோபர் 30 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தப்படி 3 இலட்சம் பேருக்கு இலங்கையும் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்கு இந்தியாவும் பிரஜாவுரிமை தருவதாகப் பிரித்துக்கொண்டன. விடுபட்டவர்களுக்கு 1986, 1988 சட்டங்கள் வந்தன. கடைசியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் வழி செய்தது. பாட்டனாரின் பிரஜாவுரிமைச் சான்றிதழ் டிரங்குப் பெட்டியில் இருந்தால் அதுவே முதல் ஆவணம். இல்லாவிட்டால் தகப்பனின் அடையாள அட்டை, வாக்காளர் இடாப்பின் பக்கம், தோட்டத்துச் செக்ரோல் (தொழிலாளர் பதிவேடு) பதிவு, ஊழியர் சேமலாப நிதிக் கூற்று. இவற்றோடு, தோட்டத்தின் இரண்டு பெயரும் ஓரிடத்தையே குறிக்கின்றன என்று தோட்ட நிர்வாகத்தின் ஒருவரிக் கடிதம். பிறப்பே பதியாதவருக்கு முதலில் காலங்கடந்த பதிவு முயல வேண்டும், முடியாதபோதுதான் உத்தேச வயதுச் சான்றிதழ். அதில் தேதி உத்தேசம் என்பதை நேர்காணலிலும் சொல்ல வேண்டும்.

எழுத்துக்கூட்டல் வேறுபாட்டைத் திருத்தப் போவதா வேண்டாமா என்று பலர் கேட்கிறார்கள். கோரிக்கை போட்ட பிறகு அவசரமாகத் திருத்தி, புதுத் தேதியோடு சான்றிதழ் அனுப்புவது சந்தேகத்தை வளர்க்கும். இருப்பதை இருக்கிறபடி அனுப்பி, இரண்டு பெயரும் ஓராளே என்று சத்தியக்கடதாசியில் விளக்குவது நல்லது.

நேர்காணல்

முதல் நேர்காணல் சிறியது. பெயர், வந்த வழி, காரணம் சுருக்கமாக. ஏஜென்ட் சொல்லிக் கொடுத்த கதையை அங்கே ஒப்புவித்துவிட்டு, விரிவான நேர்காணலில் சொந்தக் கதையைச் சொன்னால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கப்படும். நிராகரிப்புக் கடிதங்களில் அதிகம் இடம்பிடிப்பது இந்த முரண்தான்.

தேதி இன்னொரு வில்லங்கம். நம்மவர்கள் காலத்தைத் திருவிழாவாலும் தேயிலைக் கவ்வாத்தாலும் மழையாலும் கணக்கு வைப்பவர்கள். கேட்பவருக்கு நாள், மாதம், ஆண்டு வேண்டும். தெரியாத தேதியை ஊகித்துச் சொன்னால் அடுத்த தடவை வேறு தேதி வாயில் வரும். 'தேதி நினைவில்லை, தீபாவளி முடிந்து இரண்டு கிழமைக்குள்' என்பது சரியான பதில். மொழிபெயர்ப்பாளரின் பேச்சு விளங்காவிட்டால் அப்போதே சொல்லி, சொன்னது பதிவாக வேண்டும். முடிந்த பிறகு சொன்னால் சாக்கு என்பார்கள். பெண்கள், பாலியல் வன்முறை பற்றிப் பேச வேண்டியிருந்தால், பெண் அதிகாரியையும் பெண் மொழிபெயர்ப்பாளரையும் முன்கூட்டியே கேட்கலாம்.

தழும்பு இருப்பவர்களுக்கு வைத்திய அறிக்கை பெரிய பலம். சித்திரவதையை விசாரித்து ஆவணப்படுத்துவதற்கான 1999ஆம் ஆண்டு இஸ்தான்புல் நெறிமுறை, தழும்புக்கும் சொன்ன காரணத்துக்கும் உள்ள பொருத்தத்தை ஐந்து படிகளில் எழுத வைத்தியரைக் கேட்கிறது. இங்கே சிகிச்சை பெற்றிருந்தால் ஆதார வைத்தியசாலை கொடுத்த டயக்னோசிஸ் கார்டை (நோய் விவர அட்டையை) தேடி எடுங்கள். அந்தப் பழுப்பு அட்டையைப் பிள்ளைகள் கொப்பிக்கு உறை போட்டுவிட்ட வீடுகளும் உண்டு.

கெடுவும் வழியும்

பிரித்தானியாவில் நிராகரித்தால் மேன்முறையீட்டுக்கு 14 நாள். பிரான்சில் பதிவு செய்ததில் இருந்து 21 நாளுக்குள் பூர்த்தி செய்த படிவம் போக வேண்டும், நிராகரித்தால் மேன்முறையீட்டுக்கு ஒரு மாதம். சுவிட்சர்லாந்தின் விரைவு நடைமுறையில் 7 வேலைநாள்தான். ஆகவே கடிதம் கேட்டு வருகிறவரிடம் கெடு எப்போது என்று குழு முதலில் கேட்க வேண்டும். இங்கிருந்து கூரியர் போகவே ஒரு கிழமை என்றால், ஸ்கேன் பிரதி அன்றைக்கே போய், மூலப்பிரதி பின்னால் வருகிறது என்று சட்டத்தரணி எழுத வேண்டும்.

ஐரோப்பாவில் டப்ளின் ஒழுங்குவிதி முதலில் நுழைந்த நாட்டையே பெரும்பாலும் பொறுப்பாக்குகிறது. கைரேகை யூரோடாக் தரவுத்தளத்தில் ஏறிவிடும். இத்தாலியில் ரேகை வைத்தவர் பிரான்சில் வேறு பெயர் சொன்னால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். 2024இல் நிறைவேறிய புதிய ஐரோப்பிய உடன்படிக்கை 2026 ஜூனில் இருந்து பொருந்துகிறது. அதில் எல்லையிலேயே விரைவாக முடிவெடுக்கும் நடைமுறை விரிகிறது, கைரேகை எடுக்கும் வயது 14இல் இருந்து 6 ஆகக் குறைகிறது.

படகு பற்றி நீளமாக எழுத விருப்பமில்லை. 2013 ஜூலை 19க்குப் பிறகு படகில் வந்தவரை அவுஸ்திரேலியா குடியேற்றுவதில்லை. கனடா என்று சொல்லி ஏற்றிய 303 பேர் 2022 நவம்பரில் நடுக்கடலில் மீட்கப்பட்டு வியட்நாமில் இறக்கப்பட்டார்கள். அந்த நாடு அகதிகள் சமவாயத்தில் ஒப்பமிடாதது. 2021 அக்டோபரில் இந்தியப் பெருங்கடலில் உள்ள டியாகோ கார்சியாவில் கரையேறிய தமிழர்கள் 2024 டிசம்பர் வரை அந்தத் தீவில் அடைபட்டுக் கிடந்தார்கள். காணி உறுதியையும் நகையையும் அடகு வைக்கும் முன் இந்த மூன்றையும் ஒருதடவை ஏஜென்ட்டிடம் கேட்டுப் பாருங்கள், அவர் பேச்சை எப்படி மாற்றுகிறார் என்று தெரியும்.

திரும்பி வருகிறவர்கள்

1977, 1983 வன்செயல்களில் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனவர்கள் பின்னர் யுத்தத்தால் மன்னார்க் கடலைத் தாண்டித் தமிழ்நாட்டின் மண்டபம் என்ற ஊரில் இறங்கினார்கள். தமிழ்நாட்டு முகாம்களில் மலையக வழிவந்தோர் கணிசமாக இருப்பது இதனால்தான். இவர்களில் 1964 ஒப்பந்தப்படி இந்தியப் பிரஜாவுரிமைக்கு உரித்துடைய குடும்பங்களும் உண்டு. 1984இல் இந்தியா போகும் தலைமன்னார் கப்பல் நின்றதால் தாயகம் திரும்புவோராகப் போக வேண்டியவர்கள், பின்னர் படகில் போய் அகதியாகப் பதியப்பட்டார்கள். இப்படிப்பட்ட 65 பேரின் மனுவில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை 2019 ஜூனில், அவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு 16 வாரத்தில் முடிவெடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

2025 செப்டம்பரில் இந்தியா வெளியிட்ட விதிவிலக்கு உத்தரவைப் பற்றிப் பல குடும்பங்கள் தவறாக விளங்கிக்கொண்டிருக்கின்றன. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டு, விசா இல்லாமைக்கான தண்டனையில் இருந்து அது விலக்குகிறது. குடியுரிமை தரவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. முகாமில் பிறந்த பிள்ளைக்கும் தானாகக் கிடைப்பதில்லை: 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பால் குடிமகன், அதற்குப் பிறகு பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும், 2004 டிசம்பர் 3க்குப் பிறகு நிபந்தனை இன்னும் இறுகியது.

திரும்ப விரும்புகிறவர் செய்ய வேண்டியதில் பாதி அங்கேயே முடிய வேண்டும். அங்கே பிறந்த பிள்ளையின் இந்தியப் பிறப்புச் சான்றிதழோடு சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பிறப்பைப் பதிந்து, பிரஜாவுரிமைச் சட்டத்தின் 5(2) பிரிவின் கீழ் பிள்ளையைப் பிரஜையாகப் பதிய வேண்டும். ஒரு வருடத்துக்குள் செய்யாதவர் தாமதத்துக்கான அனுமதியும் கேட்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் இலங்கையர் என்ற தாள் இல்லாமல் அங்கேதான் முடங்குகிறார்கள். பெரும்பாலும் இங்குள்ள சொந்தக்காரர் பழைய பிறப்புச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதியை எடுத்து அனுப்பினால் வேலை நகரும். பிரஜாவுரிமைச் சட்டத்தின் 2003 திருத்தத்தில் இருந்து தாய் வழியாகவும் பிரஜாவுரிமை வரும், தகப்பனின் தாள் தொலைந்தவர்கள் இதை மறக்கக்கூடாது. முகாமில் நடந்த திருமணத்தை அங்கேயே பதிந்துகொண்டு வாருங்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், தடுப்பூசி அட்டை மூன்றும் மூலப்பிரதியாக வேண்டும். மேலே சொன்ன 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் கேட்கும் தொடர் வசிப்பை, யுத்தத்தால் இந்தியா போனவர்களுக்காக 2009 திருத்தம் தளர்த்தியிருக்கிறது. கந்தோரில் 'இத்தனை வருடம் எங்கே இருந்தீர்கள்' என்று கேட்டால் இந்தத் திருத்தத்தைச் சொல்லலாம்.

இங்கே வந்ததும் கிராம உத்தியோகத்தரிடம் பதிவு, பிறகு 15 வயது நிறைந்தவர்களுக்கு அடையாள அட்டை, பிறகு பாடசாலை. வரிசை மாறினால் அலைச்சல். தோட்டத்தில் தங்கினால் வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய சம்மதமும் தோட்டத் துரையின் (நிர்வாகியின்) கையொப்பமும் தேவைப்படும். சொந்தக்காரர் காம்பராவில் (லயத்து அறையில்) ஒண்டிக்கொண்டு, முகவரி கொடுக்க முடியாமல் நிற்கிறவர்கள்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள்.

குடிவரவு குடியகல்வுச் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட துறை வழியாக அல்லாமல் நாட்டை விட்டு வெளியேறியது குற்றம். உச்ச தண்டனை 5 வருடச் சிறை, தண்டப்பணம் 2 இலட்சம் ரூபா வரை. நடைமுறையில் பெரும்பாலும் தண்டப்பணத்தோடு முடிகிறது. ஆயினும் 2025 மே மாதம், ஐநா அலுவலகத்தின் ஏற்பாட்டில் திரும்பிய முதியவர் ஒருவர் பலாலி விமான நிலையத்தில் இந்தக் குற்றத்துக்காகக் கைது செய்யப்பட்டார். கட்டுநாயக்க வழியாக வருகிறவர்களை நீர்கொழும்பு நீதவான் நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள். பிணை நிற்க இரத்த உறவினர் ஒருவர் அடையாள அட்டையோடும் கிராம உத்தியோகத்தரின் வதிவுச் சான்றிதழோடும் தயாராக இருந்தால் அன்றைக்கே வெளியே வரலாம். சொந்தக் கடவுச்சீட்டில் விமானம் ஏறிப் போய், தஞ்சம் மறுக்கப்பட்டுத் திரும்புகிறவருக்கு இந்தக் குற்றச்சாட்டு இல்லை. விசாரணை இருக்கும். வரும் விமான இலக்கத்தை வீட்டாரும் சட்டத்தரணி ஒருவரும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

இங்கே தஞ்சம் கேட்கிறவர்கள்

இது நம் வேலையா என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டார். சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கை 1951 சமவாயத்திலோ 1967 நெறிமுறையிலோ சேரவில்லை. தஞ்சம் பற்றிய சட்டமும் கிடையாது. இங்கு வருகிறவர் 1948ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் கண்ணில் வெறும் விசா இல்லாதவர். வேலை செய்யும் உரிமை இல்லை. ஐநா அலுவலகம் அகதி என்று ஏற்றாலும் வேறு நாடு ஒன்று குடியேற்றினால்தான் விமோசனம்; அதிகம் பேரை எடுத்து வந்த அமெரிக்கா 2025 ஜனவரியில் அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பின் நீர்கொழும்பில் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகள் ஏறக்குறைய ஆயிரம் பேர் வாடகை வீடுகளில் இருந்து துரத்தப்பட்டார்கள். 2024 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோகிஞ்சியாக்கள் படகில் முள்ளிவாய்க்காலில் கரையொதுங்கினார்கள். கடற்கரை ஊர்க்காரர்கள்தான் முதலில் சோறும் தண்ணீரும் கொடுத்தார்கள். சித்திரவதைச் சமவாயத்தில் இலங்கை 1994இல் சேர்ந்துவிட்டது. ஆகவே சட்டம் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட முடியாது.

பொதுச்சபையின் முடிவுக்கு

கடிதம் பற்றிய தீர்மானத்தைச் சங்க யாப்பில் சேர்க்க வேண்டும். கடிதத்துக்குக் கட்டணமோ அன்பளிப்போ வாங்கக்கூடாது என்பதும் அதில் வர வேண்டும். செயலாளர் மாறினாலும் நடைமுறை மாறாதிருக்க இதுதான் வழி. கடிதப் பதிவேட்டையும் அலுவலகப் பிரதிகளையும் வைக்கப் பூட்டுள்ள இரும்பு அலுமாரி ஒன்றும், ஸ்கேனர் ஒன்றும் வாங்கச் செயற்குழு சிபாரிசு செய்கிறது. விலைமனுக்கள் பொருளாளரிடம் உள்ளன. சிங்களப் பிறப்புப் பதிவுகளை வாசிக்கத் தெரிந்த இளைஞர் இருவரை ஆவணக் குழுவில் சேர்க்க வேண்டும், விரும்புகிறவர்கள் இன்றே பெயர் கொடுக்கலாம். குடியகல்வுச் சட்டத்தின் தண்டனையில் இருந்து யுத்தகால அகதிகளை விலக்கவும், தஞ்சம் பற்றிச் சட்டம் இயற்றவும் கோரும் மகஜரின் வரைவு கூட்ட மேசையில் இருக்கிறது. வாசித்துவிட்டு, திருத்தம் இருந்தால் தேநீர் இடைவேளைக்குள் எழுத்தில் தாருங்கள்.

செயற்குழுவுக்காக,
செயலாளர்